ஆசியாவின் நுனியைத் தேடிய தொப்பி மிஸ்ஸி

மலாயாவில் வழி தவறிப் போனவர்கள் எத்தனையோ பேர். காட்டில் தவறியவர்கள், சந்தையில் தவறியவர்கள், கப்பலை விட்டு இறங்கிய கையோடு தவறியவர்கள். ஆனால் வழி தவறுவதை ஒரு கலையாகவே வளர்த்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் அடுத்தவர்களையும் கூட்டிக்கொண்டு போய்த் தவறியவர் எனக்குத் தெரிந்து தொப்பி மிஸ்ஸி ஒருவர்தான். அதைவிட ஆச்சரியம், தான் வழி தவறியதாக அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். "நாம சரியாத்தான் வந்தோம் தம்பி. இந்த எடந்தான் தப்பா இருக்கு" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. ஜொகூரின் தென்மேற்குக் கரையில், பொந்தியானுக்குத் தெற்கே, கூக்கூப்பையும் தாண்டி, கடலை ஒட்டி ஒரு ரப்பர்த் தோட்டம். அங்கே நான் சின்னக் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தோட்டத்துக்கு ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதில் டாக்டர் இடத்தில் டிரஸ்ஸர், அவருக்குக் கீழே மிஸ்ஸி. மிஸ்ஸி என்றால் நர்ஸ். மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் சண்டையில்லாமல் பொதுவில் வைத்துக்கொண்ட சில சொற்களில் அதுவும் ஒன்று.

எங்கள் மிஸ்ஸிக்கு ஞானஸ்நானப் பெயர் ஏதோ இருந்தது. பினாங்கில் கன்னியாஸ்திரிகள் மடத்தில் வளர்ந்தவர். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளாதவர். வெள்ளைச் சேலை, காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் ஊருக்குப் போய்விட்ட பழைய துரை ஒருவர் விட்டுச் சென்ற தக்கைத் தொப்பி. அந்தத் தொப்பி அவர் தலைக்கு ஓர் அளவு பெரிசு. தலை திரும்பினாலும் தொப்பி திரும்பாது. அவர் வழி தவறுவதற்கு அதுதான் காரணம் என்பது டிரஸ்ஸரின் மருத்துவ அபிப்பிராயம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு சாமியார் வந்து பூசை வைப்பார். அன்று மிஸ்ஸி அடக்க ஒடுக்கமாக முக்காடு போட்டுக்கொண்டு கோயிலில் முழங்காலில் இருப்பார். மற்ற ஞாயிறுகளில் அவரைக் கண்டால் தோட்டமே நடுங்கும். "இன்னிக்கு ஆண்டவர் இங்க வரமாட்டாரு. நாமதான் வெளிய போயி பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டு, ஆள் பிடிக்கக் கிளம்பிவிடுவார். தோட்டத்துக்கு மேற்கே மண்கரை. கரைக்கு அந்தப் பக்கம் பாக்காவ் மரங்கள் வேரைத் தூக்கிக்கொண்டு நிற்கும் சதுப்புக் காடு. அதற்கு அந்தப் பக்கம் கடல். இந்த மூன்றுக்குள்ளும் தனியாகப் போவது அவருக்குப் பிடிக்காது. தொலைந்து போவதற்கும் துணை வேண்டும் போலிருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்த முதல் வாரமே டிரஸ்ஸர் என்னைத் தனியே கூப்பிட்டு எச்சரித்தார்.

"ஞாயித்துக்கெழம மிஸ்ஸி கதவத் தட்டுனா, கால் சுளுக்குன்னு சொல்லிடுங்க."

"ஏன் ஐயா?"

"சொல்லிடுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

ஞாயிறு காலை கதவு தட்டப்பட்டது. சுளுக்கு என்றேன். மிஸ்ஸி பையிலிருந்து துணிச்சுருளை எடுத்து, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை என்னைக் கட்டினார். அந்தக் கட்டில் அன்று முழுவதும் கொக்கு மாதிரி நின்றேன். சாயங்காலம் கடைப்பக்கம் நொண்டிக்கொண்டு போனால், எதிரே பெரிய கிராணி அதே மாதிரி கட்டோடு நொண்டிக்கொண்டு வருகிறார். அவருக்குப் பின்னால் ஸ்டோர் கிராணி. எங்கள் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் படித்தவர்கள் யாருமே நேராக நடந்ததில்லை. பெரிய கிராணி ஒருமுறை பாதி நாளில் எந்தக் கால் என்பதை மறந்து, கட்டாத காலை நொண்டிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு, கட்டைவிடக் காடு மேல் என்று மிஸ்ஸியோடு கிளம்பிவிட்டேன்.

முதல் பயணம் கால்நடையாக. பாக்காவ் மரம் வெட்டிக் கரி சுடும் சீனர்கள் சேற்றின் மேல் கட்டைகளை வரிசையாகப் போட்டு ஒரு பாதை வைத்திருந்தார்கள். அதன் மேல் கால் வைத்து வைத்துப் போக வேண்டும். இரண்டு பக்கமும் சேற்றிலிருந்து வேர்கள் ஆணி முளைத்த மாதிரி நிமிர்ந்து நின்றன. ஒரு கை மட்டும் பெருத்த நண்டுகள் வளைவாசலில் நின்று எங்களைப் பார்த்துக் கையை ஆட்டின. கண் பிதுங்கிய மீன்கள் தண்ணீரில் இருப்பதை விட்டுவிட்டுச் சேற்றில் நடந்துகொண்டிருந்தன.

"பாத்தீங்களா தம்பி," என்றார் மிஸ்ஸி. "மீனே தான் இருக்க வேண்டிய எடத்துல இல்ல. நாம எதுக்குக் கவலப்படணும்?"

நன்றாகத்தான் இருந்தது. வெகுநேரம் நடந்தோம். தண்ணீர்ப் போத்தல் காலியாயிற்று. கடைசியில் மரங்கள் விலகி, ஒரு மேட்டின் மேல் தகரக் கூரையும் வெள்ளைச் சுவருமாக ஒரு கட்டடம் தெரிந்தது. மிஸ்ஸி இடுப்பில் கை வைத்து நின்று அதைப் பார்த்தார்.

"வேற தோட்டத்துக்கு வந்துட்டோம் போல. பாருங்க, ஆஸ்பத்திரிய எவ்வளோ சுத்தமா வச்சிருக்காங்க. நம்ம டிரஸ்ஸர் இதப் பாத்தா வெக்கப்படணும்."

அதே நேரம் அந்தக் கட்டடத்தின் பின்வாசல் திறந்தது. எங்கள் டிரஸ்ஸர் பல் குத்தும் குச்சியோடு வெளியே வந்தார். மிஸ்ஸி அசரவில்லை. "ஐயா, நீங்க எப்ப இங்க வந்தீங்க?" என்று கேட்டார்.

பிறகு கோலேக் பயணங்கள் தொடங்கின. கோலேக் என்றால் மலாய் மீனவர்களின் ஒடுக்கமான தோணி. உட்கார்ந்தவன் தும்மினால் கவிழும். மலாய்க்காரர்கள் கம்பம் என்று சொல்லும் கரையோரக் கிராமத்தில் பாக் சாலே என்ற மீனவர் இரண்டு கோலேக்குகளை மிஸ்ஸிக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். அவர் வீட்டில் நான்கு பிள்ளைகளும் மிஸ்ஸி கையில் பிறந்தவை. துடுப்புப் போட மிஸ்ஸி எனக்குக் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் நான் தோணிக்குள் இருந்த நேரத்தைவிடத் தண்ணீருக்குள் இருந்த நேரம் அதிகம்.

சதுப்புக் காட்டுக்குள் வாய்க்கால்கள் கிளை பிரிந்து கிளை பிரிந்து போகும். ஒவ்வொன்றுக்கும் மிஸ்ஸி பெயர் வைத்திருந்தார். அந்த வாய்க்காலை முதலில் பார்த்த வாரம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எவள் பிள்ளை பெற்றாளோ அவள் பெயர். "காளியம்மா வாய்க்கால்ல நொழஞ்சு, முனியம்மா வாய்க்கால்ல திரும்பி, பாக்கியத்துல வெளிய வந்தா கடல்" என்பார். கேட்பதற்குத் தெளிவாகத்தான் இருக்கும். சிக்கல் என்னவென்றால் முனியம்மா வருஷம் தவறாமல் பெற்றாள். ஆகவே முனியம்மா வாய்க்கால்கள் நிறைய இருந்தன.

இவ்வளவு அலைச்சலுக்கும் பின்னால் மிஸ்ஸிக்கு ஒரு குறி இருந்தது. ஆஸ்பத்திரிச் சுவரில், நோயாளிகள் படுத்தபடி பார்க்கிற மாதிரி, பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட ஆசியா படம் ஒன்றை மாட்டியிருந்தார். அதில் சைபீரியாவிலிருந்து இறங்கி, சீனம் சயாம் எல்லாம் கடந்து, மெலிந்து மெலிந்து வந்து மலாயா முடிகிற நுனியில், புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தால் ஒரு பொட்டு வைத்திருந்தார்.

"இது என்ன தெரியுதா?" என்று என்னை நிற்க வைத்துக் கேட்டார்.

"ஊதா மருந்து."

"கண்டம் முடியுற எடம். இதுக்குத் தெக்க தீவுதான். ஆசியாவோட கடைசி மண்ணு. அது எங்க இருக்கு? நம்ம தோட்டத்துலருந்து ஒரு காலப் பொழுது தூரத்துல இருக்கு. இத்தன கிட்ட இருந்துகிட்டு அதுல நிக்காம செத்தா ஆண்டவர் கேப்பாரு."

கரையை ஒட்டித் தெற்கே போய்க்கொண்டே இருந்தால் எந்தக் குழந்தையும் போய்ச் சேர்ந்துவிடும் இடம் அது. மிஸ்ஸி மட்டும் சேரவில்லை. பலமுறை கிளம்பினார். ஒருமுறை கூக்கூப்பில் போய் இறங்கினார். அது வடக்கே. இன்னொருமுறை சீனர்களின் கரிச்சூளைக்குள் வந்து, அவர்களோடு உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டுத் திரும்பினார். டிரஸ்ஸர் கேலி செய்வதைக்கூட நிறுத்திவிட்டார்.

இந்த நிலையில்தான் எனக்குச் சம்பந்தம் பேச்சு வந்தது.

பெண் வீடு சிங்கப்பூர். தகப்பனார் துறைமுகத்தில் வெகுகாலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் சித்தப்பா பேசி முடித்து, மாப்பிள்ளை எப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்கிறான் என்று பார்த்துவிட்டுப் போகப் பெண்ணின் தகப்பனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினார். நான் பெரிய கிராணியின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அது எனக்கு இரண்டு பேர் போடுகிற கோட்டு.

வாடகைக் காரில் பெரியவர் வந்து இறங்கினார். கறுப்புக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, பளபளக்கும் ஷூ. அவருக்குப் பின்னால் பெண்ணும் இறங்கியபோது நான் அவசரமாகக் கோட்டின் கைகளை மடித்துவிட்டேன். தாயில்லாத பெண், தனியாக விட்டுவிட்டு வர மனமில்லை என்று பெரியவர் விளக்கம் சொன்னார். அவள் பெயர் தனம். என்னை ஒருமுறை பார்த்தாள். கோட்டை இரண்டுமுறை பார்த்தாள்.

பலகாரம் தட்டில் வைத்து நீட்டிய நேரத்தில் வாசலில் ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"தம்பி, கெளம்பலையா? தண்ணி ஏறியிருக்கு" என்றபடி மிஸ்ஸி உள்ளே வந்தார். விருந்தாளிகளைப் பார்த்ததும் நின்றார். நான் அறிமுகம் செய்தேன். சிங்கப்பூர் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. நான் பலகாரத் தட்டை அவசரமாகப் பெரியவர் பக்கம் தள்ளினேன்.

"சிங்கப்பூரா? முனையிலருந்து பாத்தா நேராத் தெரியும். வாங்க, காட்டுறேன்."

"என் ஊர நான் எதுக்கும்மா இங்க வந்து பாக்கணும்?" என்றார் பெரியவர்.

"ஆசியாக் கண்டம் முடியுற எடத்துலருந்து பாத்திருக்கீங்களா? தோணியில போகணும். பயமா இருந்தா வேணாம்."

அந்தக் கடைசிச் சொல்லை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். பெரியவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "மிஸ்ஸியம்மா, நான் துறைமுகத்துலயே தல நரைச்சவன். கடல எனக்குக் காட்டாதீங்க" என்றார். துறைமுகத்தில் அவர் செய்த வேலை கரையில் நின்று மூட்டை எண்ணுவது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பாக் சாலே வீட்டில் இல்லை. மிஸ்ஸியே கோலேக்குகளை அவிழ்த்தார். ஒன்றில் மிஸ்ஸியும் தனமும். இன்னொன்றில் நானும் பெரியவரும். பின்னால் உட்கார்ந்து திசை பிடிப்பது தன் பொறுப்பு என்று பெரியவர் சொல்லிவிட்டார். ஆகவே எங்கள் தோணி கொஞ்ச நேரம் வட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் போன தோணியில் தனம் திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

காளியம்மா வாய்க்காலில் நுழைந்தோம். மேலே பருந்து சுற்றியது. பச்சை இருட்டு. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஓர் இடத்தில் கரையோரம் நீளமாக ஏதோ கிடந்தது. பெரியவர் துடுப்பால் சுட்டிக்காட்டினார்.

"அது என்ன?"

"கட்டை" என்றார் மிஸ்ஸி.

கட்டை கண் திறந்தது. பிறகு சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கிப் போயிற்று.

"நகருற கட்டை" என்றார் மிஸ்ஸி, கொஞ்சம் வேகமாகத் துடுப்புப் போட்டபடி.

அதன் பிறகு பெரியவர் திசை பிடிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார். முனியம்மாவில் திரும்பினோம். எந்த முனியம்மா என்று நான் கேட்கவில்லை. வாய்க்கால் ஒடுங்கிக்கொண்டே போனது. கடல் வரவில்லை. ஆனால் தண்ணீர் போகத் தொடங்கியது. பாக்காவ் காட்டில் தண்ணீர் வற்றுவதைப் பார்க்க வேண்டும். இப்போது இருக்கும், கொஞ்சம் அசந்தால் குழந்தையைக் குளிப்பாட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்ட தொட்டி மாதிரி வெறும் சேறாகக் கிடக்கும். இரண்டு தோணிகளும் சேற்றில் உட்கார்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தன.

"யாரும் எறங்காதீங்க" என்றார் மிஸ்ஸி.

பெரியவர் இறங்கினார். யார் சொல்லியும் கேட்டுப் பழக்கமில்லாதவர். ஷூ போயிற்று, முழங்கால் போயிற்று, தொடை போயிற்று. இடுப்புக்கு வந்ததும் கீழே போவது நின்றது. அவர் முகத்தில் முதல்முறையாகச் சந்தேகம் தெரிந்தது. நான் அவர் கையைப் பிடித்து இழுக்கக் குதித்தேன். இப்போது இரண்டு பேர் சேற்றில் நின்றோம், மாமனாரும் மருமகனும் கைகோத்தபடி.

"தம்பி," என்றார் பெரியவர், என் கையை விடாமலே. "இந்தச் சம்பந்தம் வேணாம். நாம இதோட நிறுத்திக்குவோம்."

"சரிங்க மாமா" என்றேன்.

மிஸ்ஸி பதறவில்லை. அவரை அந்த மாதிரி நான் அதுவரை பார்த்ததில்லை. துடுப்புகளையும் தோணியின் உள்பலகையையும் சேற்றின் மேல் பரப்பி, அதன் மேல் குப்புறப் படுத்து, பெரியவரின் அக்குளுக்குள் கை கொடுத்தார். "மூச்ச இழுத்துப் புடிங்க. இப்ப விடுங்க. மெதுவா. அவசரமே இல்ல. என்னப் பாருங்க, கீழ பாக்காதீங்க." பிரசவத்துக்குச் சொல்கிற அதே வார்த்தைகள் என்று டிரஸ்ஸர் பிறகு சொன்னார். பெரியவர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தார், ஒரு ஷூ குறைவாக. என்னையும் இழுத்துப் போட்டார்கள். இதற்குள் குரங்குகள் வந்து, அவர் தலையிலிருந்து கழன்று வேரில் மாட்டியிருந்த தலைப்பாகையை எடுத்துப் பிரித்து, ஒரு முனையை ஒன்றும் மறுமுனையை ஒன்றுமாகப் பிடித்துக்கொண்டு அரைக் காட்டுக்கு ஜரிகைத் தோரணம் கட்டிவிட்டன. பெரியவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தண்ணீர் திரும்பி ஏறும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஒரு பெரிய பாக்காவ் மரத்தின் வளைந்த வேர்களில் ஆளுக்கொன்றாக உட்கார்ந்தோம். கொசு எங்களைப் பங்கிட்டுக்கொண்டது.

"மிஸ்ஸி," என்று தனம் மெதுவாகக் கேட்டாள். "நமக்கு வழி தெரியுமா?"

"தெரியாது" என்றார் மிஸ்ஸி.

நான் வேரிலிருந்து விழப் பார்த்தேன். எத்தனை ஞாயிறுகள், எத்தனை முனியம்மாக்கள். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

"ஆஸ்பத்திரியில நான் தெரியாதுன்னு சொல்லக் கூடாது பாப்பா. வயித்தப் புடிச்சுகிட்டு வர்றவ என் மூஞ்சியத்தான் பாக்குறா. தெரியாட்டியும் தெரிஞ்ச மாதிரி நிக்கணும். வாரம் முழுக்க அப்படி நின்னா, ஒரு நாளாச்சும் எனக்கு ஒண்ணுமே தெரியாத எடத்துக்குப் போகணும் போல இருக்கும். இங்க வந்தா யாரும் என்னக் கேக்க மாட்டாங்க. மரம் கேக்காது. நண்டு கேக்காது."

அந்த வாரம் லயத்தில் ஒரு பெண் பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தை பிழைத்தது. மிஸ்ஸி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்று அவர் எந்த வாய்க்காலுக்கும் புதிதாகப் பெயர் வைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பெரியவர் தொண்டையைச் செருமினார். "என் வீட்டுக்காரியும் அப்படி வயித்தப் புடிச்சுகிட்டுப் போனவதான், திரும்பி வரல. இவ பொறந்தப்ப" என்றார். மிஸ்ஸி தன் தண்ணீர்ப் போத்தலை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கிக் குடித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மிஸ்ஸி தனத்தின் பக்கம் திரும்பினார். தொப்பி திரும்பவில்லை.

"இந்தச் சம்பந்தம் வேணாம்னு அப்பா சொல்லிட்டாரு. வேணும்னு முன்னாடி சொன்னதும் அவருதான். உன்ன யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல மிஸ்ஸி."

"நான் கேக்குறேன். இந்தத் தம்பிய உனக்குப் புடிச்சிருக்கா?"

நான் நண்டுகளைப் பார்க்கத் தொடங்கினேன். தலையிலிருந்து கால்வரை சேறு. கோட்டின் ஒரு கை தோளோடு பிய்ந்து போயிருந்தது. தனம் என்னை நன்றாகப் பார்த்தாள்.

"வாசல்ல கோட்டுப் போட்டுகிட்டு நின்னப்ப புடிக்கல" என்றாள். "இப்ப பரவால்ல."

"தனம்" என்றார் பெரியவர்.

"நீங்க சேத்துல எறங்குனப்ப அவரு யோசிக்கவே இல்லப்பா. குதிச்சுட்டாரு. குதிக்காம இருந்திருந்தா புத்திசாலித்தனம். ஆனா குதிச்சாரு."

புத்திசாலி இல்லை என்று சொல்லி என்னை ஒருத்தி ஏற்றுக்கொண்டது அன்றுதான். பெரியவர் வெகுநேரம் தன் ஷூ இல்லாத காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் சாயத் தொடங்கியபோது சேற்றின் மேல் தண்ணீர் ஒரு விரல் கனத்துக்கு ஊர்ந்து வந்தது. தோணிகள் அசைந்தன. மிதந்தன. "இடப்பக்கம்" என்றார் மிஸ்ஸி. அது வீட்டுக்குப் போகிற வழி என்பது அவர் எண்ணம். நாங்கள் மறுக்கவில்லை. மறுக்க எங்களுக்கும் எதுவும் தெரியாது. வாய்க்கால் வளைந்து வளைந்து அகலமாயிற்று. மரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகி, பிறகு இல்லாமலே போயின. எதிரே கடல். வலப்பக்கம் கடல். இடப்பக்கமும் கடல். பின்னால் மட்டும் காடு. ஒரு சின்னச் சேற்றுத் திட்டு, அதில் காற்றில் சாய்ந்த நாலைந்து பாக்காவ் மரங்கள்.

மிஸ்ஸி எரிச்சலோடு சுற்றிப் பார்த்தார். "இது நம்ம கம்பம் இல்லையே. தப்பா வந்துட்டோம். வாங்க, திரும்பலாம்."

பெரியவர்தான் கையைத் தூக்கி நிறுத்தினார். கடலைப் பார்த்தபடி நின்றார். மூட்டை எண்ணினாலும் எத்தனையோ வருஷம் மாலுமிகளோடு பேசி நின்றவர்.

"மிஸ்ஸியம்மா, அந்த மேற்கால தெரியுறது கரிமுன் தீவு மல. டச்சுக்காரனுது. இந்தக் கெழக்கால பொகையா தெரியுதே, அது என் ஊரு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க நிக்கிறதுக்குத் தெக்க கர இல்ல."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

மிஸ்ஸி தோணியிலிருந்து இறங்கி, கணுக்கால் தண்ணீரில் நடந்து, கடைசி மரத்தையும் தாண்டிப் போய் நின்றார். அதற்குமேல் நிற்க இடமில்லை. தொப்பியைக் கழற்றி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். வெயில் கண்ணைக் கூசுகிறது என்றார். வெயில் அந்தப் பக்கம் இல்லை. நாங்கள் மூவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது முனையைச் சுற்றிக்கொண்டு ஒரு மீன்பிடித் தோணி வந்தது. பாக் சாலே. கோலேக்குகளைக் காணோமே என்று தேடி வந்திருந்தார். எங்கள் கோலத்தைப் பார்த்து, "அலமாக்" என்றார், நம் ஐயையோ மாதிரி. பிறகு மலாயில் கேட்டார், "மிஸ்ஸி, மறுபடியும் வழி தவறிட்டீங்களா?"

"இல்ல," என்றார் மிஸ்ஸி. "வந்து சேந்துட்டேன்."

கல்யாணம் சிங்கப்பூரில் நடந்தது. வந்தவர்களிடமெல்லாம் என் மாமனார், ஆசியாவின் முனைக்கு ஒரு கூட்டத்தைத் தான் தலைமை தாங்கி நடத்திப் போன கதையைச் சொன்னார். அதில் முதலை பெரிதாகிக்கொண்டே போனது. சேறு வரவே இல்லை. மிஸ்ஸி தாலி கட்டும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. பந்தி பாதியில் தொப்பியோடு வந்தார். கையில் ஏற்கெனவே வேறொரு தாம்பூலப் பை இருந்தது. நான்கு தெரு தள்ளி நடந்த இன்னொரு கல்யாணத்துக்குப் போய், பெண்ணையும் மாப்பிள்ளையையும் கைவைத்து ஆசீர்வதித்து, சாப்பிட்டுவிட்டும் வந்திருக்கிறார்.

"மாப்பிள்ளை என்ன இப்படி மாறிட்டாருன்னு நெனச்சேன்" என்றார். "கல்யாணக் களைன்னு விட்டுட்டேன்."

தனத்தைத் தோட்டத்துக்கு அழைத்து வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சுளுக்கு என்ற பேச்சே எங்கள் வீட்டில் இல்லை. மிஸ்ஸி கதவைத் தட்டுவார், நாங்கள் இருவரும் கிளம்புவோம், மூவருமாகத் தொலைவோம். தனம் என்னைவிட நன்றாகத் துடுப்புப் போட்டாள். வீடு திரும்புகிற வழியும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மிஸ்ஸிக்கு முன்னால் அதைக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

பிறகு மிஸ்ஸிக்கு மெர்சிங் பக்கம், கிழக்குக் கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அங்கேயும் முனைகள் நிறைய இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு காலை நான் எழுந்து வந்தபோது தனம் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். நானும் பழைய காற்சட்டையில்தான் இருந்தேன். ஏன் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. காபி குடித்தோம். கதவைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். யாரும் தட்டவில்லை.

"போலாமா?" என்றாள் தனம்.